தடவியது எத்தனை நாள் தாங்கும்?

ஒரு துண்டுச்சீட்டு சில மாதமாக என் மேசையில் கிடக்கிறது. மதுரையில் ஒரு மசாஜ் நிலையத்தில் கொடுத்தது. வழவழப்பான தாள், மூங்கில் படம், கல் படம், நடுவில் ஆறு வரி. தலைப்பு: 'மசாஜின் பலன் நீடிக்க ஆறு வழிகள்'. அருப்புக்கோட்டையில் இருக்கும் என் அத்தைதான் இதை என்னிடம் கொடுத்தார். "படிச்சவன்தானய்யா நீ, இதுல எனக்கு எது ஆகும்னு பாத்துச் சொல்லு" என்றார். அந்தக் கேள்விக்கு நான் அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து எழுதுவதுதான் இந்தக் குறிப்பு.

அத்தைக்கு 57 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் குழித்தறி. வலது தோள்பட்டையில் வலி, அது கழுத்துக்கும் ஏறும். குழித்தறியில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். கால் இரண்டும் குழிக்குள் மிதிமேல் இருக்கும். ஒரு கை மேலிருந்து தொங்கும் கயிற்றைச் சுண்டி நாடாவை ஓடவிடும், இன்னொரு கை பலகையை இழுத்து ஊடையை அடித்துச் சேர்க்கும். ஒரு ஊடைக்கு ஒரு சுண்டு. அங்குலத்துக்கு 50 ஊடை என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஐந்தரை மீட்டர் சேலைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வருகிறது. ஒரு சேலைக்குப் பத்தாயிரம் முறை ஒரே தோள் ஒரே மாதிரி அசைகிறது என்று அர்த்தம்.

வெளியூரில் வேலை பார்க்கும் அத்தை மகன் ஊருக்கு வந்தபோது அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேர மசாஜுக்குப் பணம் கட்டினான். 1500 ரூபாய். "சொர்க்கமாத்தான் இருந்துச்சு" என்று அத்தை சொன்னார். நாலு நாள் தாங்கியது. அஞ்சாம் நாள் பழைய இடத்திலேயே பழைய வலி. அதற்கு முன்னால் அவர் போய்க்கொண்டிருந்தது திருச்சுழி போகிற வழியில் ஒரு கிராமத்தில் இருக்கும் பாட்டியிடம். நல்லெண்ணெயைக் காய்ச்சி நீவிவிட்டு, கையைச் சுற்றி, முடிவில் ஒரு இழுப்பு. 200 ரூபாய். அதுவும் நாலு அஞ்சு நாள்தான். அத்தையின் உண்மையான கேள்வி இதுதான்: காசு கூடினாலும் குறைந்தாலும் நாலு நாள்தான் என்றால், அந்த நாலை நாற்பதாக்க என்ன வழி?

தடவுவதில் பலன் இருக்கிறதா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் நாட்பட்ட இடுப்புவலி உள்ள 401 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு ஆய்வு நடந்தது. 2011இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்குத் தசை, மூட்டு என்று இடம் பார்த்துச் செய்யும் மசாஜ். இன்னொரு குழுவுக்குப் பொதுவாக உடம்பைத் தளர்த்தும் மசாஜ். மூன்றாவது குழு வழக்கமான மருத்துவத்தோடு இருந்தது. வாரம் ஒரு முறை, பத்து வாரம். முடிவில், மசாஜ் செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வலி நன்றாகக் குறைந்தது அல்லது போய்விட்டது என்றார்கள். மற்றவர்களில் அப்படிச் சொன்னவர் 25க்கு ஒருவர். ஆறு மாதம் வரைக்கும் பலன் தெரிந்தது, ஒரு வருஷத்தில் பெரும்பாலும் மங்கிவிட்டது. நமக்கு முக்கியமான இன்னொரு முடிவு, இரண்டு வகை மசாஜுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை என்பது. மதுரை 1500க்கும் திருச்சுழி 200க்கும் ஒரே நாலு நாள் என்று அத்தை கண்டதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

2015இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு இதைவிட அடக்கமாகப் பேசுகிறது. இடுப்புவலிக்குக் குறுகிய காலத்தில் பலன் உண்டு, ஆனால் அந்த ஆய்வுகளின் தரம் மேல் அவ்வளவாக நம்பிக்கை வைக்க முடியாது என்கிறது. ஆக, 'குறுகிய காலம்' என்பது மசாஜோடு கூடவே வருகிற சொல். அதை நீட்டுகிறேன் என்று சொல்லும் சீட்டைக் கொஞ்சம் கறாராகவே படிக்க வேண்டும்.

சீட்டின் முதல் வரி: நிறையத் தண்ணீர் குடியுங்கள், வெளியேறிய நச்சுகள் கழிந்துவிடும்.

இது தவறு. பிசைந்தால் தசையிலிருந்து வெளியே வரக் காத்திருக்கும் நச்சு என்று ஒன்று இல்லை. கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும், அவை நாம் படுத்திருந்தாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். 'லாக்டிக் அமிலம் கரையும்' என்பார்கள். 2010இல் ஒரு சிறு ஆய்வில் முன்கைக்குக் கடும் பயிற்சி கொடுத்து மசாஜ் செய்து பார்த்தபோது, அமுக்குவது இரத்த ஓட்டத்தைத் தடுத்து, அந்த அமிலம் விலகுவதைத் தாமதப்படுத்தவே செய்தது. 2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைச் சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு காலிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். லாக்டிக் அமில அளவில் மாற்றம் இல்லை. அழற்சிக்கான சமிக்ஞைகள் மட்டும் மசாஜ் செய்த காலில் குறைந்திருந்தன. தடவுவது ஏதோ செய்கிறது, ஆனால் சீட்டு சொல்வதைச் செய்யவில்லை.

தண்ணீர் குடிப்பது நல்லதுதான், அதுவும் நம்ம வெயிலுக்கு. காரணத்தைப் பொய்யாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதே இடத்தில் பாட்டி சொல்வதையும் விட்டுவிட முடியாது. 'நரம்பு பெரண்டிருக்கு, எடுத்துவிட்டேன்' என்பார். நரம்பு அப்படிப் பிரளுவதில்லை. இறுகிப்போன தசையும், அதைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்கும் மூளையும்தான் பெரும்பாலான சுளுக்கு. அமுக்குவதும் தேய்ப்பதும் வேறு உணர்வுகளை அனுப்பி, வலிச் செய்தியைத் தண்டுவட அளவிலேயே அடக்குகின்றன என்று 1965இல் மெல்சாக், வால் இருவரும் முன்வைத்த விளக்கம் பல திருத்தங்களோடு இன்றும் பேசப்படுகிறது. இடித்துக்கொண்ட முழங்கையை உடனே தேய்த்துவிடுகிறோமே, அதுதான். அந்த அடக்கம் நிரந்தரம் இல்லை. அதே சுமை திரும்பி வந்தால் அதே செய்தியும் திரும்பி வரும்.

இரண்டாவது வரி: இளஞ்சூடான நீரில் குளியுங்கள்.

சூடு இறுக்கத்தைக் கொஞ்ச நேரம் தளர்த்தும். அது உண்மை. இடுப்புவலிக்குச் சூட்டுப் பட்டை வைத்துச் செய்த ஆய்வுகளும் சிறிய, குறுகிய காலப் பலனைக் காட்டியிருக்கின்றன. ஆனால் இந்த வரியை எழுதியவர் வீட்டில் குழாயைத் திருகினால் வெந்நீர் வரும். எங்கள் ஊர்ப்பக்கம் எண்ணெய் தேய்த்து, அரப்பு போட்டு எண்ணெய் போகக் குளிக்க இரண்டு மூன்று குடம் வேண்டும். உசிலை இலையைக் காயவைத்து இடித்த அரப்பு சும்மா விடாது, தண்ணீரைக் குடிக்கும். திருச்சுழி சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருந்து பிடித்து, குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கிவந்து, அடுப்பில் ஏற்றி, இறக்கி, விளாவி ஊற்ற வேண்டும். தோள்வலிக்குக் குளிக்கப்போகும் பெண் அந்தக் குளியலுக்கான குடத்தையும் அதே தோளால் தூக்குகிறாள். இந்தக் கணக்கு சீட்டில் இல்லை.

மூன்றாவதும் நான்காவதும்: அன்று முழுவதும் ஓய்வெடுங்கள், கனமான எதையும் தூக்காதீர்கள்.

அத்தை சிரித்தது இந்த இடத்தில்தான். "இதுல தறி எங்கய்யா இருக்கு?" என்றார். நெசவுக்குக் கூலி நாள் கணக்கில் இல்லை, நெய்த கணக்கில். ஒரு நாள் தறியில் உட்காரவில்லை என்றால் அந்த நாளுக்குக் காசு இல்லை. தறியை விட்டு எழுந்தாலும் தார் சுற்றும் வேலை இருக்கிறது, தரையில் உட்கார்ந்து ராட்டையைச் சுற்ற வேண்டும், அதுவும் கைதான். கரிமூட்டம் போடுகிறவர்கள், சீமைக்கருவேலம் வெட்டுகிறவர்கள், மிளகாய்க்கும் மல்லிக்கும் களையெடுக்கப் போகிறவர்கள், கண்மாயில் மண் அள்ளுகிறவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். சீட்டு எழுதியவருக்கு ஓய்வு ஒரு அறிவுரை. இவர்களுக்கு அது ஒரு நாள் கூலி. மசாஜுக்கு 200 ரூபாய் என்று நாம் சொல்கிறோம். ஓய்வையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் விலை அதுவல்ல.

இன்னொரு விஷயம், முழு ஓய்வு என்பதே அவ்வளவு நல்ல அறிவுரை இல்லை. சாதாரண முதுகுவலிக்குப் படுத்தே கிடப்பதைவிட முடிந்த அளவு நடமாடுவது மேல் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்லத் தொடங்கிப் பல வருஷம் ஆகிறது. தேவை படுக்கை இல்லை, வலிக்கிற அந்த ஒரே அசைவிலிருந்து விடுப்பு. இரண்டும் வேறு.

இங்கே நம்ம மரபு என்ன சொல்கிறது என்று பார்த்தேன். சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை, அதில் தொக்கணம் ஒன்று. அதற்குள் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது. பெயர்களைப் பாருங்கள், எல்லாமே கை செய்யும் வேலைக்கான பச்சைத் தமிழ் வினை. எண்ணெய் முழுக்குக்கோ கிழமை உண்டு, ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். முழுகிய அன்றைக்குப் பத்தியமும் உண்டு. பகலில் தூங்கக்கூடாது, குளிர்ந்தது ஆகாது, மிளகு ரசமும் சுடுசோறும், வெயிலில் அலையக்கூடாது.

'முன்னோர் அன்றே சொன்னார்கள்' என்று இந்த இடத்தில் எழுதுவது சுலபம். நான் எழுதப் போவதில்லை. பகல் தூக்கம் கூடாது என்றதற்கு அவர்கள் சொன்ன காரணம் வேறு, இன்றைய மருத்துவர் நடமாடச் சொல்வதற்குக் காரணம் வேறு. நல்லெண்ணெய் எலும்பு வரைக்கும் இறங்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. எண்ணெய் கையை வழுக்கவிடும், தோலை வறளாமல் காக்கும், அது போதும்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் சீட்டில் இல்லாத இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, வாரத்தில் இரண்டு நாள் என்ற முறை. வலி வந்த பிறகு ஓடுவது இல்லை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கிழமை. இரண்டு, முழுகிய அன்று இவரை வேலை வாங்கக்கூடாது என்று வீட்டுக்கே ஒரு தடை. பத்தியம் என்ற பேரில் ஓய்வுக்கு ஒரு அனுமதிச்சீட்டு கிடைத்தது. 'இன்னிக்கு எண்ணெய் தேச்சிருக்காக' என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

யாருக்குக் கிடைத்தது என்பதுதான் அடுத்த கேள்வி. எங்கள் வீட்டில் சனிக்கிழமை தாத்தா முழுகினால் பாட்டி தண்ணீர் காய்ச்சுவார், முதுகு தேய்ப்பார், மிளகு ரசம் வைப்பார். தாத்தா திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருப்பார். வெள்ளிக்கிழமை பாட்டி முழுகினால் தண்ணீர் காய்ச்சியதும் பாட்டி, ரசம் வைத்ததும் பாட்டி, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நின்றதும் பாட்டி. கிழமை இருவருக்கும் இருந்தது, பத்தியம் ஒருவருக்குத்தான். மரபைப் புகழ்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஐந்தாவது வரி: லேசான நீட்சிப் பயிற்சி செய்யுங்கள்.

ஆறு வரியில் உருப்படியானது இதுதான், ஆனால் ஒரே வரியில் முடிந்துவிட்டது. எந்தப் பயிற்சி, எவ்வளவு, எப்போது என்று எதுவும் இல்லை. ஆய்வுகள் அதிகம் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். 2016இல் 21 ஆய்வுகளை, 30,000 பேருக்கு மேல், சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, உடற்பயிற்சியும் வலியைப் பற்றிய விளக்கமும் சேர்ந்தால் இடுப்புவலி வரும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் குறைகிறது என்றது. இடுப்புப் பட்டை, செருப்புக்குள் வைக்கும் மெத்தை இவற்றால் அப்படிப் பலன் தெரியவில்லை. 2024இல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் நேரானது. இடுப்புவலியிலிருந்து சமீபத்தில் மீண்ட 701 பேரில் ஒரு பாதிக்கு இயன்முறை மருத்துவர் வழிகாட்டலோடு படிப்படியான நடைப்பயிற்சி, வாரம் ஐந்து நாள், 30 நிமிடம் வரை. மறு பாதிக்கு ஒன்றும் இல்லை. நடக்காதவர்களுக்கு வலி திரும்பிவர நடுக்கணக்காக 112 நாள் ஆனது. நடந்தவர்களுக்கு 208 நாள்.

அந்த 701 பேர் மசாஜ் செய்துகொண்டவர்கள் அல்ல, வலியும் தோளில் அல்ல. அதை மறைக்கவில்லை. ஆனாலும் அத்தையின் கேள்விக்கு, அதாவது கிடைத்த நிம்மதியை நீட்டுவது எப்படி என்பதற்கு, நான் பார்த்ததில் மிக அருகில் வருவது இதுதான். வலி குறைந்திருக்கும் அந்த நாலு நாள் ஒரு வாய்ப்பு. அப்போதுதான் கையை முழுசாகத் தூக்க முடியும், அசைக்க முடியும், பலப்படுத்த முடியும். அந்த நாலு நாளையும் 'வலி இல்லையே' என்று இரட்டிப்பு நெசவு நெய்து தீர்த்தால் அஞ்சாம் நாள் வலி வராமல் என்ன செய்யும்? அத்தை அதைத்தான் செய்துகொண்டிருந்தார். விட்டுப்போன சேலையைப் பிடிக்க வேண்டுமே.

இதிலும் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். குழித்தறியில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கு நடை பொருந்தும். களையெடுத்துவிட்டு விறகுக் கட்டோடு மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிறவரிடம் போய் 'தினமும் அரைமணி நேரம் நடங்கம்மா' என்றால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அது நியாயம்தான்.

ஆறாவது வரி: இரு வாரத்துக்கு ஒருமுறை வாருங்கள், 10 சதவீதத் தள்ளுபடி.

சீட்டு அச்சடித்ததே இந்த வரிக்காக. திரும்பத் திரும்பச் செய்வதில் பலன் இல்லை என்று சொல்லமாட்டேன். கழுத்துவலி உள்ள 228 பேரை வைத்து 2014இல் வந்த ஆய்வு, வாரம் இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் செய்தவர்களுக்குத்தான் தெளிவான பலன், அரைமணி நேரம் போதவில்லை என்றது. அந்த அளவில் மதுரைக் கட்டணத்தில் செய்தால் மாதம் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாது. எந்தத் தறியும் அந்தப் பணத்தைத் தராது. இரு வாரத்துக்கு ஒன்று என்பது ஆய்விலிருந்து வந்த எண் இல்லை, வியாபாரத்திலிருந்து வந்த எண்.

சரி, அத்தைக்கு நான் என்ன சொன்னேன்? முதலில் தெரிந்த ஒரு இயன்முறை மருத்துவரிடம் காட்டினோம். அவர் நாலே பயிற்சி கொடுத்தார். சுவரில் விரலால் ஏறுவது, தோளைப் பின்னால் சேர்த்துப் பிடிப்பது, துண்டை இரண்டு கையால் பிடித்து இழுப்பது, கழுத்தை மெதுவாகத் திருப்புவது. அதைவிட முக்கியமான யோசனை மாமாவிடமிருந்து வந்தது. நாடாக் கயிற்றின் கைப்பிடி உயரமாகத் தொங்கியது, ஒவ்வொரு சுண்டுக்கும் தோள் மேலே ஏறியது. கயிற்றை நீட்டி, பிடியை முழங்கை மட்டத்துக்கு இறக்கினார். ஐந்து நிமிட வேலை, முப்பது வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை. ராட்டையைத் தரையிலிருந்து ஒரு சின்ன பெஞ்சுக்கு ஏற்றினோம். தார் சுற்றுவதில் பாதியை மாமா எடுத்துக்கொண்டார். முதலில் முணுமுணுத்தார், பிறகு ரேடியோ கேட்டுக்கொண்டே சுற்றப் பழகிவிட்டார். வெள்ளிக்கிழமைத் தண்ணீரை அவர்தான் தூக்கி ஊற்றுகிறார்.

அத்தை இப்போதும் பாட்டியிடம் போகிறார். வாரத்துக்கு ஒருமுறை ஓடியது மாதத்துக்கு ஒருமுறை ஆகியிருக்கிறது. ஒரு ஆளை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. கயிறா, பயிற்சியா, மாமாவா, வெயில் தணிந்ததா, எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நாலு நாள் தாங்கியது முப்பது நாள் தாங்குகிறது. அதில் எண்ணெயும் மாறவில்லை, தடவுகிற கையும் மாறவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்த இடம்தான் மாறியது.

சில எச்சரிக்கையையும் சேர்த்துவிடுகிறேன், சீட்டில் இது ஒரு வரிகூட இல்லை. கை கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, காய்ச்சலோடு வலி இருந்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ தடவப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் நீவவே கூடாது, உள்ளே இரத்தக் கட்டி இருக்கலாம். நெஞ்சை அழுத்தும் வலியோ வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்த தோள்வலி சுளுக்கு இல்லை. முடிதிருத்தும் கடையில் 'டக்'கென்று கழுத்தைத் திருப்பிவிடுவதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரிதாகத்தான் என்றாலும், கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரைக்கும் போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

அந்தச் சீட்டைத் திருத்தி எழுதச் சொன்னால் ஆறு வரி வேண்டாம், மூன்று போதும் என்பேன். வலி குறைந்த நாட்களில் கூடுதலாக வேலை செய்யாதீர்கள், அந்த நாட்களில் உடம்பைப் பழக்குங்கள். எந்த அசைவு வலியைக் கொண்டுவருகிறது என்று பார்த்து அந்தக் கருவியையோ உட்காரும் உயரத்தையோ மாற்றுங்கள். மூன்றாவது வரி, வலி உள்ளவருக்கு அல்ல, வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு: அந்தக் குடத்தை நீங்கள் தூக்குங்கள்.

அத்தையிடம் இதைப் படித்துக் காட்டினேன். மூன்றாவது வரியை மட்டும் இன்னொரு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னார். மாமா உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்தார்.